எட்டு வயது முதல் பதினெட்டு வரை: ஓர் உதைபந்து வீரரைச் சர்வதேச ஆட்டத்துக்குத் தயார்ப்படுத்துதல்

சர்வதேச உதைபந்தாட்டத்தில் முதலில் குறைந்துபோவது நேரம். கொழும்புப் பாடசாலை ஆட்டத்தில் நடுக்கள வீரர் ஒருவருக்குப் பந்தை வாங்கி, நிறுத்தி, தலை நிமிர்த்திப் பார்த்து, பிறகு கொடுக்க அவகாசம் கிடைக்கும். 17 வயதுக்குட்பட்டோர் ஆசியத் தகுதிகாண் ஆட்டத்தில் அதே வீரர் பந்தை நிறுத்தி முடிக்கும்போதே எதிரணிக்காரர் காலடிக்கு வந்துவிடுவார். ஓட்டத்தில் பின்தங்குகிறார் என்று பார்வையாளர் நினைப்பதில் பெரும்பகுதி பார்வையில் பின்தங்குவதுதான். எனவே இங்கே தரப்படும் பயிற்சிகள் அனைத்தும் ஒரு பழக்கத்தைச் சுற்றியவை: பந்து வருமுன் பார்த்துவிடுதல்.

இலங்கை அணி 1995 இல் கொழும்பில் தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை வென்றது. அதன்பின் நெடுங்காலம் சரிவுதான்; உலகத் தரவரிசையில் 200 ஐயும் தாண்டிக் கீழே போனது. 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை ஃபீஃபாவின் தடையும் இருந்தது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்குப் போன அணியில் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே தொடர்ச்சியான பயிற்சி கிடைத்திருந்தது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளரும் பிள்ளைக்கு அந்தத் தொடர்ச்சி இரண்டு இடத்தில் அறுகிறது: 10 வயதில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, 16 வயதில் சாதாரண தரம். பணம் கொட்டும் அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் வேறு வடிவில் உண்டு. அங்கே 2007 இல் தொடங்கிய தேசிய இளையோர் பயிற்சி லீக் 2020 இல் மூடப்பட்டது. இடையில் 2018 உலகக் கிண்ணத்துக்கு அந்நாடு தகுதி பெறவே இல்லை. அங்கே பிள்ளைகளை வடிகட்டுவது கழகக் கட்டணம். இங்கே டியூஷன் அட்டவணை.

தொடங்குமுன்: இடம், பொருள், பத்திரம்

முழு மைதானம் தேவையில்லை. 8 முதல் 12 வயது வரையான பத்துப் பன்னிரண்டு பேருக்கு 30 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் போதும். பாடசாலை முற்றம், வாடகை ஃபுட்சால் கூடம், மைதானத்தின் ஒரு மூலை எதுவும் சரிதான். சீமெந்துத் தரையில் சறுக்கித் தடுப்பதை முற்றாக நிறுத்திவிட வேண்டும்.

பந்து: 8 வயதுக்குக் கீழே 3 ஆம் அளவு, 8 முதல் 12 வரை 4 ஆம் அளவு, அதன்பின் 5 ஆம் அளவு. அண்ணனின் 5 ஆம் அளவுப் பந்தோடு ஒன்பது வயதுப் பிள்ளையைப் பழக்கினால், காலின் உட்பக்கத்தால் தள்ளுவதைத் தவிர வேறெதுவும் கைவராது. ஆளுக்கொரு பந்து இருக்க வேண்டும். சீருடைக்கு ஒதுக்கும் காசைப் பந்துக்கு ஒதுக்குவது புத்தி.

கோல் கம்பம்: தூக்கி வைக்கும் இரும்புக் கம்பங்கள் சரிந்து விழுந்து பல நாடுகளில் சிறுவர்கள் இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் பின்சட்டத்தில் மணல்மூட்டை ஏற்றவோ நிலத்தில் அறைந்து கட்டவோ வேண்டும். கம்பத்தில் தொங்கும் பிள்ளையை அந்தக் கணமே இறக்க வேண்டும்.

வெள்ளவத்தைக் கடற்கரை பலருக்கும் கைக்கெட்டிய மைதானம். மணலில் ஓடுவது கால் தசைக்கு நல்லது. பந்து துள்ளாததால் முதல் தொடுகையைப் பழக்க அது உதவாது. அதைவிட முக்கியம், மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவே புகையிரதப் பாதை கிடக்கிறது. பந்து தண்டவாளத்தின் பக்கம் உருண்டால் பெரியவர் ஒருவரே எடுக்கப் போகலாம். பிள்ளைகளைத் தனியே கடக்க விடக்கூடாது.

பத்திரம்: பிறப்புச் சான்றிதழின் பிரதியை முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும். வயதைக் குறைத்துக் காட்டி உள்ளூர்க் கிண்ணம் வெல்லும் பழக்கம் சர்வதேச வாசலில் உடைந்துபோகும். ஃபீஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்து வயதைச் சரிபார்க்கிறது.

8 முதல் 12 வரை: பந்தோடு கழியும் வயது

கால் வேலை மிக விரைவாகப் படியும் பருவம் இது. வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றும் 75 நிமிடம், கீழுள்ள வரிசையில்:

1. ஆளுக்கொரு பந்து, 10 நிமிடம். சிறு கட்டமொன்றுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பந்தை ஓட்ட வேண்டும். உட்பாதம், வெளிப்பாதம், அடிப்பாதம் மாறி மாறி. பயிற்றுநர் திடீரெனக் கையைத் தூக்கி விரல்களைக் காட்டுவார். பிள்ளைகள் பந்தை நிறுத்தாமல் எண்ணைச் சொல்ல வேண்டும். நிலத்தையே பார்த்து ஓடும் பழக்கம் இப்படித்தான் விடுபடும்.

2. ஒருவருக்கு ஒருவர், 15 நிமிடம். சிறு கோல் இரண்டு, பத்து மீற்றர் இடைவெளி. 20 வினாடிக்கு மேல் நீளவிடாமல் அடுத்த சோடியை இறக்க வேண்டும். பந்தைப் பறிகொடுத்த பிள்ளையை அதட்டினால் அடுத்தமுறை அது முயலாது.

3. வட்டப் பந்து, 15 நிமிடம். நால்வர் சுற்றி நிற்க, ஒருவர் நடுவில் நின்று பறிக்க முயல்வார். கைகூடியதும் ஐவருக்கு இருவர்.

4. நால்வருக்கு நால்வர் ஆட்டம், 30 நிமிடம். கோல் காப்பாளர் வேண்டாம். பயிற்றுநரின் வாய் இங்கே மூடியிருப்பது நல்லது.

5. மெதுநடை, தண்ணீர், 5 நிமிடம்.

மூன்றாவது படியில்தான் பயிற்றுநரின் முழுக் கவனமும் தேவை. பந்து ஒரு பிள்ளையை நோக்கி வரும்போது அது மூன்று காரியத்தைச் செய்ய வேண்டும்: பந்து கிளம்புமுன் ஒருமுறை தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தல்; பந்து வரும் வழியில் இன்னொரு முறை பார்த்தல்; உடலைப் பக்கவாட்டில் திறந்து, பந்து வரும் திசைக்குத் தூரத்தில் உள்ள காலால் அதை வாங்குதல். இடமிருந்து வரும் பந்தை வலக்காலால் வாங்கினால், வாங்கும் தொடுகையிலேயே உடல் முன்னோக்கித் திரும்பிவிடும். இடக்காலால் வாங்கினால் முகம் வந்த திசையிலேயே நிற்கும். திரும்ப இன்னும் இரண்டு தொடுகை வேண்டும். அதற்குள் எதிரணிக்காரர் வந்துவிடுவார். பழக்குவதற்கு எளிய வழி: பந்து வாங்கும் பிள்ளையின் பின்னால் ஒருவர் சிவப்பு, மஞ்சள் கோன்களில் ஒன்றை உயர்த்திப் பிடிப்பார், பந்து காலைத் தொடுமுன் நிறத்தைச் சொல்ல வேண்டும். தொட்டபின் சொன்னால் கணக்கில்லை. முதல் இரண்டு வாரம் பந்து பிள்ளையின் காலில் பட்டுத் தெறித்தோடும். அதைப் பொறுத்துக்கொள்ளாத பயிற்றுநர் தோள் திருப்பலைக் கைவிட்டு, பழையபடி பந்தையே பார்க்கச் சொல்லிவிடுவார். இந்த இடத்தில் கைவிடக்கூடாது.

சிறு அணி ஆட்டத்தின் பயனைச் சந்தேகிக்கும் பெற்றோர் இருப்பார்கள். பதினொருவர் ஆடினால்தான் அவர்களுக்கு அது உதைபந்தாட்டம். அவர்கள் கையில் தாளும் பேனையும் கொடுத்து, தம் பிள்ளை பத்து நிமிடத்தில் பந்தை எத்தனை தடவை தொடுகிறது என்று இரண்டு வகை ஆட்டத்திலும் எண்ணச் சொல்லலாம். வாதம் அத்தோடு முடியும். அமெரிக்க உதைபந்தாட்டக் கூட்டமைப்பும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது: 8 வயது வரை நால்வர், 10 வரை எழுவர், 12 வரை ஒன்பதின்மர்.

புலமைப்பரிசில் ஆண்டு: நாலாம் தரம் முடிந்ததும் பிள்ளை மைதானத்திலிருந்து மறைந்து, ஆறாம் தரத்தில் கனத்த உடம்போடு திரும்புவது கொழும்பில் வழக்கம். பெற்றோரோடு மோதிப் பயனில்லை. பேரம் பேசுவதே வழி. வாரம் மூன்று நாளை ஒன்றாக்கிக்கொண்டு, மற்ற நாள்களில் வீட்டில் 15 நிமிடம் பந்து என்று எழுதியே வாங்க வேண்டும். பிளாட்டின் வாகனத் தரிப்பிடச் சுவர் ஒன்றே போதும்: சுவரில் தட்டி வலக்காலால் 50, இடக்காலால் 50, அரைத் திருப்பத்தோடு 50. அயலவர் சத்தம் என்று முறையிட்டால் பழைய ரெனிஸ் பந்து. அது இன்னும் கடினமான பயிற்சி. மொட்டைமாடி வேண்டாம். கைப்பிடிச் சுவரைத் தாண்டிய பந்தை எட்டிப் பார்க்காத பிள்ளை இல்லை.

தலையால் முட்டுதல்: அமெரிக்காவில் 10 வயது வரை முற்றாகத் தடை, 11 முதல் 13 வரை பயிற்சியில் அளவோடு. அதையே பின்பற்றலாம். பாரம் குறைந்த பந்தால் தொடங்க வேண்டும்.

13 முதல் 15 வரை: உடல் மாறும் ஆண்டுகள்

பையன்கள் ஏறத்தாழ 13, 14 வயதில் திடீரென உயர்கிறார்கள். பெண் பிள்ளைகள் அதற்கு ஓரிரண்டு ஆண்டு முன்பே. மூன்று மாதத்துக்கொருமுறை சுவரில் கோடிட்டு உயரத்தை எழுதிவைப்பது பயிற்றுநருக்குப் பெரிய உதவி. உயரம் பாயும் காலத்தில் நேற்றுவரை நன்றாக ஆடிய பிள்ளை தடுமாறும். சோம்பல் என்று அதற்குப் பெயர் வைக்கக்கூடாது. ஓட்டத்தையும் தாண்டுதலையும் குறைத்து, பந்து வேலையைக் கூட்ட வேண்டும்.

இந்த வயதில் முழங்காற் சிரட்டைக்குக் கீழே புடைத்த இடத்திலும் குதிகாலிலும் வரும் நோவு, பெரும்பாலும் வளரும் எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருவது. ஆட்டத்தைக் குறைத்து ஐஸ் வைத்தால் தணியும். இரவிலும் விடாத நோவு, வீக்கம், நொண்டல் இருந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். விழுந்தடிபட்ட மூட்டை எக்ஸ்-ரே எடுக்குமுன் முறிவு தெறிவு வைத்தியரிடம் கொண்டுபோய் இழுத்து உருவுவது ஆபத்து. வளர்ச்சித் தட்டில் முறிவு இருந்தால் கால் வளைந்து வளரலாம்.

ஒவ்வொரு பயிற்சியும் ஃபீஃபா 11+ என்ற உடல்சூடேற்றலோடு தொடங்க வேண்டும். மெல்லோட்டம், பலமும் சமநிலையும், வேக ஓட்டம் என்று மூன்று பகுதி, 15 பயிற்சி, 20 நிமிடம். வாரம் இருமுறையாவது செய்தால்தான் காயம் குறையும். பெண் பிள்ளைகளுக்கு இதை ஒருபோதும் தவறவிடக்கூடாது, ஏனெனில் முழங்காலின் முன் சிலுவை நார் (ACL) அறுவது அவர்களிடையே அதிகம். தாண்டி இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா என்று எதிரே நின்று பார்த்துத் திருத்த வேண்டும்.

பதினொருவர் ஆட்டத்துக்கு மாறுவதும் இப்போதுதான். வரிசை:

1. முதல் ஆறு மாதம் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று இடத்திலாவது ஆட வேண்டும். இன்றைய உயரத்தை வைத்து நிரந்தரப் பின்கள வீரர் ஆக்கப்பட்ட பையன், 17 வயதில் எல்லோரும் அவன் உயரத்துக்கு வந்தபின் எங்கும் பொருந்தமாட்டான்.
2. பிறகு அணியாகப் பந்தை மீட்டல்: பறிகொடுத்த ஐந்து வினாடிக்குள் அருகிலுள்ள மூவர் நெருங்குதல்.
3. நிலைப் பந்துகள் கடைசியில், வாரம் 15 நிமிடம் போதும்.

தெரிவில் நேரும் பெரிய பிழை பிறந்த மாதம் பற்றியது. ஆசிய வயதுப் பிரிவுகள் ஜனவரி 1 ஐ எல்லையாகக் கொண்டவை. ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவு. 13 வயதில் ஓராண்டு வித்தியாசம் உயரத்திலேயே தெரியும். அணிப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுத வேண்டும். எல்லாம் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்று வந்தால் பயிற்றுநர் திறமையைத் தெரிவு செய்யவில்லை, வயதைத் தெரிவு செய்திருக்கிறார். குள்ளமாக இருந்தும் தோளைத் திருப்பிப் பார்க்கும் பிள்ளையை விடக்கூடாது.

பாதுகாப்பு

வெயில்: கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்வை காயாது, உடல் குளிராது. பயிற்சி மாலை நாலரைக்குப் பின். 15 நிமிடத்துக்கொருமுறை தண்ணீர். நீண்ட பயிற்சிக்கு ஜீவனி அல்லது இளநீர். செயற்கைப் புல் நண்பகலில் பாதத்தைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். தள்ளாடுதல், சம்பந்தமில்லாப் பேச்சு, கொதிக்கும் உடம்பு கண்டால் முதலில் நிழலில் கிடத்தி உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். கூடவே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். குளிர்விக்காமல் வாகனத்துக்குக் காத்திருப்பதே உயிருக்கு ஆபத்து.

இடி: மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைந்தால் எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். மரத்தடி வேண்டாம்.

வெள்ளம்: கால்வாய் பெருகித் தேங்கிய மைதானத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் கீறல் உள்ள பிள்ளையை இறக்கக்கூடாது. அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் ஆடியதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். டெங்கு உள்ள ஊர் இது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர, கால் நோவுக்கென்று வீட்டில் கிடக்கும் வேறு மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. குருதிப்பெருக்கை அவை கூட்டும்.

தலையில் அடி: மயங்கினாலும், வாந்தி எடுத்தாலும், திகைத்து நின்றாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியானாலும் அப்படித்தான்.

பிள்ளைப் பாதுகாப்பு: ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியே வாகனத்திலோ அறையிலோ இருக்கக்கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் கட்டாயம். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கே சொல்லி வைக்க வேண்டும்.

16 முதல் 18 வரை: பரீட்சை, கழகம், தெரிவு

சாதாரண தரத்துக்கு முந்திய ஆண்டு, புலமைப்பரிசில் ஆண்டின் மறுபதிப்பு. 17 வயதுக்குட்பட்டோர் தேசியத் தெரிவும் ஏறக்குறைய அதே காலத்தில் விழும். ஆகவே 15 வயதிலேயே இரண்டின் திகதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பெற்றோர், வகுப்பாசிரியர், பயிற்றுநர் மூவரும் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். காலை ஐந்தரைக்கு 40 நிமிடம் என்று மூன்று நாள் வைத்தால் மாலை டியூஷனோடு மோதாது. பந்தை நிறுத்திவிட்டு ஓட்டம் மட்டும் ஓடுவது தவறான சிக்கனம்.

பாடசாலைப் பருவம் சில மாதங்களே. மருதானை ஸாஹிரா, ஹமீத் அல் ஹுசைனி, கொட்டாஞ்சேனைப் புனித பெனடிக்ட் போன்ற கல்லூரிகளில் ஆடும் பையனுக்குக்கூட எஞ்சிய மாதங்கள் வெறுமை. அதை நிரப்புவது கழகம். சோண்டர்ஸ், ரினோன், ஜாவா லேன், ரத்னம் போன்ற பழைய கொழும்புக் கழகங்களின் பயிற்சியில் பெரியவர்களோடு ஆடும்போது, பாடசாலையில் தாராளமாகக் கிடைத்த நேரம் பாதியாகும். 16 வயதில் அந்த நெருக்கடிதான் வேண்டும். சேருமுன் மூன்றைக் கேட்க வேண்டும்: பயிற்றுநரிடம் ஆசியக் கூட்டமைப்பின் சான்றிதழ் உண்டா, காயத்துக்கான செலவு யாருடையது, பதிவை விட்டு விலக என்ன நிபந்தனை. படிக்காமல் போட்ட கையெழுத்து ஒரு பருவத்தையே தின்றுவிடும்.

சாப்பாடு பற்றிய கவலை இந்த வயதில் தேவைக்கு மிஞ்சிப்போகிறது. விலையுயர்ந்த பவுடர் எதுவும் வேண்டாம். பயிற்சிக்கு இரண்டரை மணி நேரம் முன் சோறும் பருப்பும், முடிந்ததும் முட்டை, கடலை அல்லது பாசிப்பயறு, இரவில் மீன். எட்டு மணி நேரத் தூக்கம் இதையெல்லாம்விட அரிதாகக் கிடைக்கிறது.

தெரிவு நாளுக்கு:

1. முதல் நாள் இரவே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் பிரதி.
2. பழகிய சப்பாத்து. புதுச் சப்பாத்தில் கொப்புளம் நிச்சயம்.
3. முதல் ஐந்து நிமிடம் எளிய பந்துகளையே கொடுத்து ஆட வேண்டும். பதற்றத்தில் நீண்ட பந்து அடிப்பவர் பட்டியலிலிருந்து முதலில் போவார்.
4. பந்து இல்லாத நேரத்தில் தலையை அசைத்துப் பார்ப்பதும் சக வீரரைக் கூப்பிடுவதும் தெரிவாளரின் கண்ணில் படும்.
5. தெரிவாகாவிட்டால் காரணத்தை எழுதிக் கேட்க வேண்டும். அடுத்த வயதுப் பிரிவு 20. அதற்குக் காலம் இருக்கிறது.

வெளிநாட்டு அழைப்பும் கடவுச்சீட்டும்

நல்ல பையன் ஒருவனைப் பற்றிய காணொளி பரவியதும் முகவர்கள் வருவார்கள். ஃபீஃபா விதிகளின் 19 ஆம் பிரிவின்படி 18 வயதுக்குட்பட்டவரை வேறு நாட்டுக் கழகமொன்றில் பதிய முடியாது. பெற்றோர் உதைபந்தாட்டம் சாராத காரணத்துக்காகக் குடிபெயர்தல், வீடும் கழகமும் எல்லையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் இருத்தல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதுக்குமேல் மாறுதல் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. அமெரிக்காவின் கிறிஸ்டியன் புலிசிச் 2015 இல் 16 வயதிலேயே டோட்மண்ட் கழகத்துக்குப் போக முடிந்தது, பாட்டனார் வழியாகக் கிடைத்த குரோவேசியக் குடியுரிமையால். கொழும்புப் பையனுக்கு அப்படியொரு கதவு இல்லையென்றால், 15 வயதில் ஐரோப்பிய ஒப்பந்தம் என்று முற்பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார்.

எதிர்த்திசையில், புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வழி திறந்தே இருக்கிறது. தாய், தந்தை, பாட்டன், பாட்டி இவர்களில் ஒருவர் இலங்கையில் பிறந்து, வீரருக்கு இலங்கைக் குடியுரிமையும் இருந்தால் இலங்கைக்கு ஆடலாம். லண்டனில் பிறந்த டிலன் டி சில்வாவும் ஜெர்மனியில் பிறந்த குளோடியோ கமர்க்னெக்டும் அவ்வாறு வந்தவர்கள். மாறாக, வேல்ஸில் பிறந்த தமிழரான, பார்ன்ஸ்லி கழகத்துக்கு ஆடிய விமல் யோகநாதன் வேல்ஸ் இளையோர் அணிக்கு ஆடியவர். டொரொன்டோவிலோ லண்டனிலோ உள்ள உறவினரின் பிள்ளை இந்தப் பக்கம் வர விரும்பினால், ஆட்டக் காணொளிக்கு முன்பே பெற்றோரின் பிறப்புச் சான்றிதழைத் தேட வேண்டும். போரில் பதிவேடு தொலைந்த குடும்பங்களுக்குப் பிரதி எடுக்க மாதங்கள் ஆகலாம். குடியுரிமை விண்ணப்பம் அதன் பிறகுதான். கடவுச்சீட்டு அதற்கும் பிறகு.